துணிக்கூரை ஜீப்புக்கு ஏசி எதற்கு?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஏதாவது டெக்னிகலா பேசுங்க, ஆனா யாருக்கும் தூக்கம் வரக்கூடாது" என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஆகவே, ஒரு நண்பனுக்கு நான் தவறாகச் சொன்ன யோசனையைப் பற்றிப் பேசுகிறேன்.

நம் பேட்ச்காரன், ஊர் நகரி. துணிக்கூரையை மடித்துவிடக்கூடிய பழைய ஜீப் ஒன்றை வாங்கினான். "டேய், இதுக்கு ஏசி போடலாமா?" என்றான். "தெருவுல ஃபிரிட்ஜைத் திறந்து வைக்கிற மாதிரிடா. காத்துதான் நல்லா வருதே!" என்று சிரித்தேன்.

என் கணக்கு இதுதான். கூரையைத் திறந்து மணிக்கு 36 கிலோமீட்டரில் போனால், காற்றின் வேகம் வினாடிக்கு 10 மீட்டர். ஒரு சதுர மீட்டர் இடைவெளியில் புகுந்தாலே வினாடிக்குச் சுமார் 11 கிலோ காற்று. அதை 10 டிகிரி குளிர்விக்க 110 கிலோவாட் வேண்டும். 2020-ல் வந்த மகிந்திரா தார் பெட்ரோல் இன்ஜினின் முழுச் சக்தியே கிட்டத்தட்ட அவ்வளவுதான்! கார் ஏசி தருவதோ 4, 5 கிலோவாட்.

கணக்கில் பிழையில்லை. ஆனால் சித்திரை வெயிலில் திருத்தணிப் பக்கம் யார் கூரையைத் திறந்துகொண்டு போவார்கள்? அதை நான் யோசிக்கவில்லை.

அந்த மே மாதம் கிருத்திகைக்கு அம்மாவை அழைத்து வந்தான். மேலே கூரை, பக்கத் துணிகளை மட்டும் சுருட்டிவிட்டிருந்தான். மலையடிவாரத்திலேயே அம்மாவுக்குத் தலைசுற்றல். நிழலில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, தரிசனம் செய்யாமலே திரும்பினார்கள். போனில் கேட்டபோது எனக்கு வெட்கமாகிவிட்டது.

நம் தோலின் வெப்பம் 34, 35 டிகிரி. காற்று அதைவிடக் குறைவாக இருந்தால் உடம்புச் சூட்டை எடுத்துப் போகும். 40-ஐத் தாண்டினால் அதே காற்று சூட்டைக் கொண்டுவந்து கொட்டும். அப்புறம் வியர்வைதான் காப்பாற்ற வேண்டும். வயதானவர்களுக்கு அது குறைவு. 365 படியையும் ஓடி ஏறும் தம்பிகளுக்கு இது தெரியாது, எனக்கும் தெரியவில்லை.

துணிகளை இழுத்து மூடிவிட்டால் கணக்கே வேறு. இரண்டரை சதுர மீட்டர் கூரையில் உச்சி வெயில் விழுவது அதிகபட்சம் இரண்டரை கிலோவாட். அதில் ஒரு பகுதிதான் உள்ளே இறங்கும். இடுக்குகளில் புகும் அனலையும் சேர்த்தாலும் அந்தச் சின்ன ஏசி ஓரளவு சமாளிக்கும். வீட்டு அறைபோல ஜில்லென்று ஆகாது. முகத்துக்கு நேரே குளிர்காற்று வரும், அது போதும். தார் கன்வர்டிபிளில் கம்பெனியே ஏசி வைத்ததைப் பார்த்து நான் சிரித்திருக்கக் கூடாது.

"போட்டுடுடா" என்றேன். போட்டான். மார்கழியில் ஏசியை நிறுத்திக் கூரையை மடித்துவிடுகிறான். அப்போது ஜீப் சுகமே தனி.

பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஏசி கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. அதன் சூடு முழுக்க ரேடியேட்டர் மேல்தான் விழும். கம்ப்ரசரும் சில குதிரைசக்தியைத் தின்னும். ஆகவே மலைப்பாதையில் முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை நிறுத்திவிடுங்கள். கொண்டை ஊசி வளைவில் வண்டி கொதித்து நின்றால் அம்மாவை வெயிலில்தான் இறக்க வேண்டிவரும்.