அழைப்பு வந்தாலும் எடை அழியக் கூடாது

போடிநாயக்கனூரிலிருந்து விடிகாலையில் ஜீப்புகள் போடிமெட்டு ஏறுகின்றன. ஏலக்காய்த் தோட்டங்களில் காய் எடுக்கப் போகிறவர்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். மாலையில் எடை போடும்போது யார் எத்தனை கிலோ எடுத்தார் என்று பேருக்கு நேரே பதிய வேண்டும். அந்தக் கணக்கை நோட்டுக்குப் பதிலாகக் கைபேசிச் செயலியில் பதிவதாக வைத்துக்கொள்வோம்.

ஒரு அம்மா எடுத்த காயின் எடை 14.6 கிலோ. 14 என்று தட்டும்போதே அழைப்பு வருகிறது. பேசி முடித்துத் திரும்பினால் செயலி முதல் பக்கத்தில் நிற்கிறது. அதுவரை பதிந்த பேர்களும் போய்விட்டன. காயோ ஏற்கெனவே குவியலில் கொட்டியாகிவிட்டது. மறுபடி எடை போட வழியில்லை. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்துதான் ஒரு கிலோ ஏலக்காய் ஆகிறது. போடியிலும் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலத்தில் விலை பேசப்படும் அந்தச் சரக்குக்கு முதல் கணக்கே இந்த எடைதான்.

செயலி எழுதும் கலையை மதிப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: இடையூறு வந்தபோது செயலி எப்படி நடந்துகொள்கிறது?

கைபேசியில் திரை யாருக்கும் சொந்தமில்லை. அழைப்பு வரும், வேறு செயலி முன்னால் வரும். ஆன்ட்ராய்டு இவற்றைச் செயலிக்குச் சைகைகளாகச் சொல்கிறது. செயலி முன்னிலையை இழக்கும்போது ஆன்பாஸ், திரையிலிருந்து முழுக்க மறையும்போது ஆன்ஸ்டாப், அந்தத் திரை கலைக்கப்படும்போது ஆன்டிஸ்ட்ராய். கடைசியாகச் சொன்னது கட்டாயம் வரும் என்று நம்பக் கூடாது. நினைவகம் பற்றாதபோது இயங்குதளம் பின்னால் கிடக்கும் செயலியைச் சொல்லாமலே முடித்துவிடும். ஆன்பாஸில் பெரிய வேலையும் வைக்கக் கூடாது; அது முடியும்வரை அடுத்த திரை காத்துக் கிடக்கும். கைபேசியைப் பக்கவாட்டில் திருப்பினாலே போதும், வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் திரை கலைந்து புதிதாகப் பிறக்கும்.

ஆகவே எதை எங்கே வைப்பது என்பதில்தான் திறமை இருக்கிறது. வியூமாடல் என்ற நினைவு ஏற்பாட்டில் வைத்தது திரையைத் திருப்பினாலும் நிலைக்கும். இயங்குதளம் செயலியையே முடித்துவிட்டால் போய்விடும். இன்ஸ்டன்ஸ் ஸ்டேட் என்ற சேமிப்பில் வைத்த சிறு விஷயங்கள், பாதி தட்டிய 14, யார் பேரில் நின்றோம் என்பவை, அப்போதும் திரும்பக் கிடைக்கும். உறுதியான எடையோ தட்டி முடித்த அந்த நொடியே கைபேசியின் தரவுத்தளத்துக்குப் போய்விட வேண்டும். நல்ல கணக்குப்பிள்ளை நாள் முடியட்டும் என்று காத்திருக்காமல் தராசு நின்றதும் எழுதிவிடுவார். செயலிக்கும் அந்தப் பழக்கம் வேண்டும்.

மலையில் இன்னொரு இடையூறு சிக்னல். போடிமெட்டைத் தாண்டினால் கேரளம்; கொண்டை ஊசி வளைவுகளிலும் தோட்டத்துப் பள்ளங்களிலும் இணைப்பு வரும், போகும். பதிவுகளைச் சர்வருக்கு அனுப்பும் வேலையை, இணைப்பு வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆன்ட்ராய்டின் வொர்க்மேனேஜரிடம் கொடுத்தால், இணைப்பு வந்த பிறகு அதுவே அனுப்பும். ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் கொடுத்து, சர்வரும் அதைச் சரிபார்த்தால், இரண்டு முறை போனாலும் கணக்கு இரட்டிக்காது.

இந்தக் கவலை புதிதல்ல. பழைய ஜாவா கைபேசிகளிலும் செயலியை நிறுத்திவைக்கச் சொல்லும் பாஸ்ஆப் என்ற ஏற்பாடு இருந்தது. ஆனால் அழைப்பு வந்தபோது பல கைபேசிகள் அதைக் கூப்பிடாமல் திரை மறைவதைச் சொல்லும் ஹைட்நோட்டிஃபையை மட்டும் கூப்பிட்டன. இரண்டையும் கவனித்தவரின் செயலியே தப்பியது. 2016-இல் ஆன்ட்ராய்டு 7 வந்த பின் இரண்டு செயலிகள் ஒரே திரையைப் பங்கிடலாம் என்றாயிற்று. கண்ணுக்குத் தெரிந்தபடியே செயலி முன்னிலையை இழக்கும் நிலையும் அதோடு இன்னும் சாதாரணமானது. கருவிகள் பெருகியிருக்கின்றன, கவனம் அந்த அளவுக்குப் பெருகவில்லை என்பதே என் மதிப்பீடு.

செயலி எழுதும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். செயலியைக் கொடுப்பதற்கு முன் ஒரு எடையைப் பாதி தட்டுங்கள். அழைப்பை வரவழையுங்கள், திரையைத் திருப்புங்கள், சிக்னலை அணையுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் திரைகளை உடனே கலைக்கும் வசதியையும் போட்டுப் பாருங்கள். அத்தனைக்கும் பிறகு அந்த எண் அங்கேயே இருந்தால் தோட்டத்துக்குக் கொடுங்கள்.