"அவரை நான் அனுப்பவே இல்லையே!"

நமக்காக இன்னொருத்தர் போய் வியாபாரம் பேசினா, அது எப்போ நம்மைக் கட்டுப்படுத்தும்? இன்னைக்கு அதைப் பேசுவோம். அதுக்கு ராயப்பன்பட்டி வரைக்கும் போகணும். தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கு. 2023-ல புவிசார் குறியீடு வாங்கின பன்னீர் திராட்சை விளையற பக்கம்.

இப்படி வச்சுக்குவோம். கேரளாவுல ஒரு வியாபாரி. அவரோட ஆள் மூணு வருஷமா ஊருக்கு வந்து, தோட்டம் பார்த்து, விலை பேசி, பழத்தை வெட்டி ஏத்திட்டுப் போறார். ஒரு வாரத்துல முதலாளி கணக்குல இருந்து பணம் வந்துடும். திடீர்னு முதலாளி அந்த ஆளை நிறுத்திடறார், ஊர்ல யாருக்கும் சொல்லலை. ஆள் வழக்கம்போல வந்து ரெண்டு டன் ஏத்திட்டுக் காணாமப் போயிடறார். விவசாயி போன் போட்டா, "அவரை நான் அனுப்பவே இல்லையே"ங்கிறார் முதலாளி.

பணம் யார் தரணும்? முதலாளிதான். 1872-ம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 208. முகவரோட அதிகாரத்தை ரத்து பண்ணினா, வெளியாளுக்கு அது தெரிய வந்த பிறகுதான் அவரைப் பொறுத்தவரை செல்லும்.

சட்டத்துக்குள்ளேயே இதுக்கு ஒரு மெட்ராஸ் கதை இருக்கு. மெட்ராஸ்ல இருக்கிறவர், பம்பாய் கிடங்குல உள்ள தன் பஞ்சை விக்கச் சொல்லி முகவருக்குக் கடிதம் போடறார். அப்புறம் விக்காதே, இங்கே அனுப்புன்னு இன்னொரு கடிதம். அது கைக்கு வந்த பிறகும் முகவர் வித்துட்டு, பணத்தோட ஓடிடறார். வாங்கினவருக்கு முதல் கடிதம் மட்டும்தான் தெரியும். அதனால அவர் கொடுத்த பணம் கொடுத்ததுதான். மெட்ராஸ்காரர் மறுபடி கேட்க முடியாது.

ஆனா, "நான் அவரோட ஆள்"னு முகவரே சொல்லிக்கிட்டா பத்தாது. விசிட்டிங் கார்டை யார் வேணா அடிச்சுக்கலாம். முதலாளி தன் பேச்சாலயோ நடத்தையாலயோ நம்ப வச்சிருக்கணும், அதுதான் பிரிவு 237. இங்கே மூணு வருஷமா வந்த பணமே அந்த நடத்தை. அதே ஆள் முதல் தடவையா வந்து ஏத்திட்டுப் போயிருந்தா, விவசாயி பாடு திண்டாட்டம்தான். சென்னையில வீட்டு புரோக்கர் கையில அட்வான்ஸ் கொடுக்கிறவங்களும் இதை யோசிக்கணும். வாங்கச் சொல்லி ஓனர் எப்போ, யார்கிட்ட சொன்னார்?

இன்னொண்ணு. ஊர்ல தரகர்னு கூப்பிடற எல்லாருமே முகவர் இல்லை. தன் பணத்துல வாங்கி, தன் லாபத்துக்கு விக்கிறவர் வெறும் வியாபாரி. அவர் ஏமாத்தினா, அவரைத்தான் பிடிக்கணும். பின்னால யாரும் கிடையாது.

அதிகாரம் எழுத்துலதான் இருக்கணும்னு சட்டம் கேட்கலை, வாய்வார்த்தையே போதும். கோர்ட்ல நிரூபிக்கிறதுதான் பெரும்பாடு. முதல் லோடு ஏத்தறதுக்கு முன்னாடியே, "இவர் என் ஆள்தான்"னு முதலாளிகிட்ட இருந்து ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் வாங்கி வச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல பவர் பத்திரம்.