மெயினை அணைத்தாலும் மின்சாரம் இருக்கும்





மதீனாவில் ஓர் இரவில் ஒரு வீடு எரிந்துபோன செய்தி எட்டியபோது, நெருப்பு மனிதருக்குப் பகை என்று எச்சரித்து, உறங்குமுன் அதை அணைத்துவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை புகாரி ஹதீஸ் தொகுப்பில் காண்கிறோம். அன்று அது விளக்கு நெருப்பு. இன்றோ நம் சுவருக்குள் ஒயரில் மின்சாரமாக ஓடுகிறது.

2024 ஜூன் 12 அதிகாலை குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பற்றியது நமக்கு நினைவிருக்கும். மின்கசிவே காரணம் என்று அந்நாட்டுத் தீயணைப்புத் துறை சொன்னது. பலர் உறக்கத்திலேயே புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். நம் விமானப்படை விமானம் கொண்டுவந்த 45 உடல்களில் 7 தமிழ்நாட்டவருடையவை. தீயைவிடப் புகை முந்திக்கொள்ளும். அதனால்தான் வளைகுடாவில் இருந்து வந்து வீடு கட்டும் நம் பிள்ளைகள் கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி பொருத்துகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதைக் கையாளத் தெரிய வேண்டும்.

சென்ற மாதம் ஒரு தாய் நம் டிரஸ்டுக்குப் போன் செய்தார். மகன் வெளிநாட்டில். மாடியில் கருவி விட்டுவிட்டுக் 'கீச்' என்கிறது. மெயினை அணைத்துவிட்டேன், ஸ்டூல் போட்டு ஒயரைப் பிடுங்கிவிடட்டுமா என்று கேட்டார். "தொடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு எலக்ட்ரீஷியனோடு போனோம். டெஸ்டர் வைத்ததும் எரிந்தது. அந்த லைன் இன்வெர்ட்டரில் இருந்தது. அல்லாஹ் காப்பாற்றினான்.

ஆகவே சில விஷயங்களை மனதில் வையுங்கள்.

'கீச்' சத்தம் பெரும்பாலும் உள்ளே உள்ள பேட்டரி தீர்ந்ததற்கான அறிகுறி. எரிச்சலில் கருவியைக் கழற்றி எறியவோ பிளாஸ்டிக் பையால் மூடவோ வேண்டாம்.

கருவிக்கு வருவது 230 வோல்ட். மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். பேட்டரி இருப்பதால், மின்சாரம் நின்ற பிறகும் கருவி கத்தும். சத்தத்தை வைத்து மின்சாரம் உண்டா இல்லையா என்று முடிவு செய்யாதீர்கள். டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள பிளக்கில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

சாரல் காலத்தில் நம் ஊர்ச் சுவர்கள் ஈரம் குடித்திருக்கும். ஈரக் கையோடும் வெறுங்காலோடும், வீட்டில் தனியாக இருக்கும்போதும் மின்வேலையில் இறங்க வேண்டாம். ஒயர் இணைப்பை லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருக்கிறதா, இன்வெர்ட்டர் லைனுக்கும் அது காவலா என்று அவரிடம் கேளுங்கள். கருவியின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பத்து ஆண்டு ஆனால் கருவியையே மாற்றுங்கள்.

யாருக்கேனும் ஷாக் அடித்தால் கையால் இழுக்காதீர்கள். முதலில் மெயினையும் இன்வெர்ட்டரையும் அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

பீடி இலையும் தூளும் அடுக்கி வைத்திருக்கும் வீடுகளில் ஒரு சிறு பொறியே போதும். எலக்ட்ரீஷியனுக்குக் கூலி கொடுக்க வசதியில்லாதவர்கள் டிரஸ்ட் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தக் கூலி நம் பொறுப்பு. பெயர் வெளியே போகாது. கூச்சத்துக்காக ஓர் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

வல்ல ரஹ்மான் நம் அனைவரின் வீடுகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.