எலும்புக்கும் கொஞ்சம் வேலை கொடுங்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். எனக்கு அடுத்து தண்ணீர்க் கட்டண விவாதம் இருக்கிறது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

லிஃப்டில் பார்க்கும் அம்மாக்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "டெக்ஸா ஸ்கேன்ல எலும்பு வீக்னு வந்திருக்கு. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேனே, போதாதா?" இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நடை ரொம்ப நல்லது, விடாதீர்கள். ஆனால் எலும்பின் அடர்த்தியை ஏற்ற நடை மட்டும் போதாது. (மூட்டுத் தேய்மானம் வேறு, எலும்பு அடர்த்தி குறைவது வேறு. முன்னது வலிக்கும். பின்னது பெரும்பாலும் எலும்பு முறியும் வரை சத்தமே போடாது.)

எலும்பு உயிருள்ள பொருள். பழகிய சுமைக்கு அது அசைந்து கொடுக்காது. பழகாத, பலமான சுமை வந்தால்தான் தன்னைத் தடிப்பாக்கிக்கொள்ளும். டென்னிஸ் வீரர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்ற கையைவிடத் தடிமனாக இருப்பது இதனால்தான். கால்சியம் மாத்திரை செங்கல் மாதிரி. லோடு வந்து இறங்கிவிட்டால் சுவர் தானாக எழும்புமா? கொத்தனார் வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெலிண்டா பெக், ஓட்டக்காரர்களுக்கு முன்கால் எலும்பில் ஏற்படும் நுண்விரிசல்களைப் பற்றி ஆராய்ந்தவர். அளவுக்கு மீறிய சுமை எலும்பை என்ன செய்யும் என்பதை நன்றாக அறிந்த அவரே, வயதான பெண்களுக்குச் சுமையைக் கூட்டிப் பார்த்தார் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். 2018இல் வெளியான 'லிஃப்ட்மோர்' என்ற அந்த ஆய்வில், மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள் கலந்துகொண்டார்கள். சராசரி வயது 65.

ஒரு பிரிவினர் வீட்டிலேயே லேசான பயிற்சி செய்தார்கள். இன்னொரு பிரிவினர் வாரம் இருமுறை, அரை மணி நேரம், பயிற்சியாளர் கண்முன்னே பளு தூக்கினார்கள். டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்கும் பிரஸ். கூடவே கம்பியைப் பிடித்து எம்பி, தரை அதிர இறங்குவது. ஒருமுறை மட்டும் தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 85 சதவீதத்துக்கு மேல், ஐந்து ஐந்து தடவையாக ஐந்து சுற்று. யாரையும் முதல் நாளே இப்படித் தூக்கச் சொல்லவில்லை. முதல் மாதம் முழுக்க, குறைந்த எடையில் முறையைக் கற்றுக்கொள்வதற்கே.

எட்டு மாதம் கழித்து, பளு தூக்கியவர்களின் கீழ்முதுகு எலும்பு அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியிருந்தது. மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் கூடியது 0.3 சதவீதம்தான், ஆனால் மற்ற பிரிவில் 1.9 சதவீதம் இறங்கியிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்தால் முறிவது பெரும்பாலும் இந்த இடுப்புப் பகுதிதான், அதனால் இறங்காமல் நின்றதே பெரிது. பளு தூக்கியவர்களில் ஒருவருக்கு மட்டும் லேசான முதுகுப் பிடிப்பு வந்தது. யாருக்கும் எலும்பு முறியவில்லை.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்றே, "அம்மா, இனிமே தண்ணி கேனைத் தொடாதீங்க, குனியாதீங்க" என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பயம் அடியோடு தவறில்லை. முதுகை வளைத்து முன்னால் மடங்கும் பயிற்சிகள் செய்தவர்களுக்கு முதுகெலும்பு நசுங்குவது அதிகம் என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1984இலேயே கண்டார்கள். ஆனால் முதுகை நேராக வைத்து, இடுப்பிலும் முழங்காலிலும் மடங்கித் தூக்குவது வேறு வேலை. அந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்காமல், தூக்கவே கூடாது என்று உட்கார வைத்தால் தசையும் போகும், எலும்பும் போகும்.

அதற்காக, வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேனைத் தூக்கிப் பார்க்க வேண்டாம். யூடியூபைப் பார்த்தும் ஆரம்பிக்க வேண்டாம். ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்கள், இதயக் கோளாறோ கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. எலும்புக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள் அதை நிறுத்தவும் கூடாது.

சங்கத்திடம் ஒரு கோரிக்கை. நம் ஜிம் காலை பத்து மணிக்கு மேல் காலியாகத்தான் கிடக்கிறது. செவ்வாய், வெள்ளி ஒரு மணி நேரம் 55 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒதுக்குங்கள். தகுதியுள்ள பயிற்சியாளர் ஒருவர் வேண்டும். ஒரு தடவைக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். முதல் மாதம் முறையைச் சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன், கட்டணம் வேண்டாம். விருப்பமுள்ளவர்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு கிளப் ஹவுஸ் பதிவேட்டில் பெயர் எழுதுங்கள். ஆண்களும் எழுதலாம், அவர்களுக்கும் எலும்பு இருக்கிறது.