ஆலய வளாகத்தில் செண்பகம்: நடுதலும் பேணுதலும்

(திருவிழாவையொட்டி ரிங்லெட்டில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றோடு தலமரத்தையும் சேர்த்துப் போற்றுவது தமிழர் மரபு. கோபுரத்திற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடைபெறுகிறது. விக்கிரகத்திற்கு நாள்தோறும் பூசை நடைபெறுகிறது. மரமோ, நட்ட நாளன்று மாலையும் நிழற்படமும் பெற்று, மறுநாளே மறக்கப்படுகிறது. மரம் நடுவது ஒருநாள் விழா. அதனைப் பேணுவதோ பத்தாண்டுத் தொண்டு. இவ்வுரையின் பொருள் அந்தத் தொண்டேயாகும்.

ஆலய வளாகத்திற்கு ஏற்ற பூமரங்கள் பல உள. சிவபெருமானுக்கு உகந்த சரக்கொன்றை நன்றாகப் பூப்பதற்குத் தெளிவான வறட்சிக் காலம் வேண்டும். நாகலிங்க மரம் தென்னமெரிக்காவின் வெப்பமான தாழ்நிலக் காடுகளிலிருந்து வந்தது. ரிங்லெட்டோ கடல் மட்டத்திற்கு மேல் 1,100 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் அமைந்தது. கேமரன் மலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. இத்தகைய குளிர்ந்த, ஈரமான மலைநிலத்திற்கு அவ்விரண்டினும் பொருத்தமானது செண்பகமே. இமயத்தின் அடிவாரத்திலும், மேற்குத் தொடர்ச்சி மலையிலும், தென்கிழக்காசியக் காடுகளிலும் அது தானாகவே வளர்கிறது.

செண்பகத்திற்கு ஆன்மிகச் சிறப்பும் உண்டு. கும்பகோணத்தை அடுத்த திருநாகேசுவரத்தின் தலமரம் செண்பகம். மன்னார்குடி இராசகோபாலசுவாமி திருக்கோயில் அமைந்த இடம் செண்பகாரண்யம் எனப் போற்றப்படுகிறது. மலைநிலத்தைப் பாடிய கபிலர், குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் மலர்களிடையே சண்பகத்தையும் வைத்தார். மலாய் மொழியில் இம்மலருக்குச் செம்பாக்கா என்று பெயர். சம்பகம் என்னும் வடசொல்லே அங்கும் வழங்குகிறது. அச்சே மாநிலம் இதனைத் தன் சின்னமலராகவே கொண்டுள்ளது. ஆதலின், இம்மரம் மலேசிய மண்ணுக்கு அந்நியமானதன்று.

செண்பக மலரை வண்டு அணுகாது என்பது பழம்புலவர் வழக்கு. தாவர இயலார் கூறுவது இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. தேனீக்கள் தோன்றுவதற்கு முன்பே உருவான தொன்மையான மக்னோலியாக் குடும்பத்தைச் சேர்ந்தது செண்பகம். அக்குடும்பத்து மலர்களில் மகரந்தச் சேர்க்கை பெரும்பாலும் கடினச் சிறகுடைய சிறு பூச்சிகளாலேயே நிகழ்கிறது.

இனி, வளர்க்கும் முறையைக் காண்போம். செண்பகக் காய் வெடித்ததும் செந்நிறச் சதை போர்த்திய விதைகள் தோன்றும். அச்சதையை நீரில் கழுவி நீக்கிவிட்டு, காலந்தாழ்த்தாமல் விதைக்க வேண்டும். உலர்ந்து கிடந்த விதை முளைக்கும் ஆற்றலை விரைவில் இழந்துவிடும். முளைப்பதற்கு மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். பொறுமை இழந்து மண்ணைக் கிளறுதல் கூடாது. விதைக்கன்று பூக்க எட்டு, பத்து ஆண்டுகள் ஆகலாம். ஒட்டுக்கன்று சில ஆண்டுகளிலேயே பூக்கும். வெண்செண்பகம் கலப்பினமாதலின் விதை வைப்பது அரிது. அதனை ஒட்டுக்கன்றாகவே பெற வேண்டும்.

ரிங்லெட் வட்டாரத்து அன்பர்களுக்கு இக்கலை புதிதன்று. 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்ற காலந்தொட்டு, இம்மலையில் தேயிலையை வளர்த்த கைகள் தமிழர் கைகள். நாற்றுமேடைக்கு நிழல் அமைத்தல், நீர் தேங்காமல் வடிகால் வெட்டுதல், கவாத்து செய்தல் ஆகியவற்றை அறிந்த முதியோர் இன்றும் உள்ளனர். தேயிலையைப் போலவே செண்பகமும் புளிப்புத்தன்மையுள்ள மண்ணில் செழிக்கும். ஆலயத்திற்குக் கன்று வாங்கும்போது, இப்பெரியோர்களின் அறிவையும் உடன் பெற்றுக்கொள்வது சிறப்பு.

நடும் இடத்தைத் தேர்வதில் கவனம் தேவை. செண்பகம் 30 மீட்டருக்கு மேலும் உயரக்கூடிய மரம். ஆகவே மண்டபச் சுவரிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் குறைந்தது 10 மீட்டர் தள்ளி நடுக. குழி இரண்டடி அகலமும் இரண்டடி ஆழமும் இருக்கட்டும். மட்கிய எருவை மேல்மண்ணோடு கலந்து இடுக. நீர் தேங்கும் இடமாயின் குழிக்குப் பதிலாக மேடு அமைத்து நடுக. இதன் வேர் சதைப்பற்றுள்ளது. ஒருமுறை நட்டபின் பிடுங்கி இடம் மாற்றினால் பெரும்பாலும் பிழைக்காது. முதல் மூன்று ஆண்டுகள் மழையற்ற நாள்களில் நீர் ஊற்றுவதும், வேரடியில் இலைதழைகளைப் பரப்புவதும் இன்றியமையாதன. அத்தழை தண்டைத் தொடாமல் ஒரு சாண் விலகியிருக்க வேண்டும்.

கிளைகளில் செதிற்பூச்சி ஒட்டிச் சாறு உறிஞ்சுவதுண்டு. எறும்புகள் மொய்ப்பதும் இலை கருமை படர்வதும் அதற்கு அறிகுறிகள். தொடக்கத்திலேயே சோப்பு நீரால் துடைத்து, வேப்பெண்ணெய் தெளித்தால் அடங்கும். பச்சைப் புள்ளிகளுடைய ஒருவகை வண்ணத்துப்பூச்சியின் புழுக்களும் இலையைத் தின்னும். வளர்ந்த மரத்திற்கு அதனால் கேடில்லை. அவற்றை வாழ விடுக.

பூச்சியினும் கொடிய பகை ஒன்றுண்டு. அது பக்தியின் பெயரால் மனிதர் செய்யும் பிழை. மரத்தைச் சுற்றித் தண்டு வரை சிமெண்டுத் தளம் இட்டால் வேருக்கு நீரும் காற்றும் கிட்டா. அடிமரத்தை ஒட்டி விளக்கேற்றினால் பட்டை வெந்துபோகும். பட்டை போனால் உணவோட்டம் போகும். அலங்கார விளக்கிற்காக இறுகக் கட்டிய கம்பி, மரம் பருக்கும்போது அதனை அறுக்கும். அறிவிப்புப் பலகைக்கு அடிக்கும் ஆணியும் புண்ணே. பூசைக்குப் பூப்பறிக்கக் கிளையை ஒடிப்பதும் தகாது. செண்பகத்தின் பெரிய வெட்டுக்காயங்கள் எளிதில் ஆறுவதில்லை. விளக்கு மேடையை நாலடி தள்ளி அமைக்கலாம். ஏணி வைத்துப் பூப்பறிக்கலாம். சிமெண்டுக்கு மாற்றாகச் சரளைக்கல் பரப்பலாம். இவற்றால் பக்திக்கு ஒரு குறையும் வராது.

இவ்வூருக்கு மரம் வெறும் அழகன்று. 1963இல் நிறைவுற்ற சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கம், மேட்டுநிலங்கள் வெட்டித் திருத்தப்பட்டதால் வந்து சேர்ந்த வண்டலால் கொள்ளளவை இழந்தது. 2013 அக்டோபரில் பெருமழையின்போது அணைநீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களும் வீடுகளும் பறிபோயின. ஆலயத்து மரம் ஒன்று அத்தகைய வெள்ளத்தைத் தடுத்துவிடாது. ஆயினும், தன் காலடி மண்ணை ஓடவிடாமல் பற்றி நிற்பது எவ்வாறு என்பதை, வழிபட வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது நாள்தோறும் காட்டும். மண்ணைக் காக்கும் எண்ணம் அங்கிருந்தே தொடங்கக்கூடும்.

ஆதலின், ஆலய நிர்வாகத்தினர் மரத்திற்கென இரு இளைஞர்களையும், அவர்களுக்கு வழிகாட்ட ஒரு முதியவரையும் பொறுப்பாக்குதல் நன்று. நீர் ஊற்றுவதும், களை நீக்குவதும், கட்டிய கம்பியை அவிழ்ப்பதும் ஆலயத் திருப்பணிகளே எனக் கணக்கேட்டில் இடம்பெறட்டும். இன்று நடுபவர் அதன் முதல் மலரைக் காணப் பத்தாண்டு காத்திருக்க நேரலாம். தோட்டத்தை விட்டு நகரத்திற்குக் குடிபெயர்ந்த பிள்ளைகள் திருவிழாவிற்குத் திரும்பி வரும்போது, அந்த மணம் அவர்களை வாசலிலேயே வரவேற்கும்.

எல்லாம் வல்ல இறைவனின் திருவருள் துணை நிற்பதாக.