சுரங்கத்துள் செல்லும் யந்திரமும் மாணவன் கற்கும் பாடமும்



'ரோபோ' என்னும் சொல் ஆய்வுகூடத்திலே ஆக்கப்பட்ட சொல் அன்று. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட நாடகம் ஒன்றிலே பிறந்தது அது. கட்டாய வேலை என்னும் பொருள்கொண்ட செக் மொழிச் சொல்லின் வழிவந்தது. நாடகத்திற் பிறந்தமையாற்போலும், அச்சொல்லைக் கேட்டதும் பலருடைய மனக்கண்முன் இன்றும் தோன்றுவது கையும் காலும் தலையும் உடைய இரும்பு மனிதனே. பொறியியல் கற்கும் இளைஞரும் இதற்கு விலக்கல்லர். அத்தகைய இளைஞன் ஒருவன் பெரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றிற் சில மாதம் பயிலச் செல்லும்போது, முதலில் அவன் மனத்தைவிட்டு அகல்வது இந்த இரும்பு மனிதன்தான்.

ஜெனீவா நகருக்கு அண்மையில், சுவிற்சர்லாந்தும் பிரான்சும் சந்திக்கும் எல்லையில், 'சேர்ன்' எனப்படும் ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கின்றது. 1954ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அங்கே நிலத்தின் கீழ் ஏறத்தாழ 100 மீற்றர் ஆழத்தில், 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வளையச் சுரங்கம் ஒன்று உண்டு. புரோத்தன் என்னும் நுண்துணிக்கைகளைப் பெருவேகத்தில் ஓடவிட்டு மோதச்செய்வதற்கென அமைக்கப்பட்ட மாபெரும் யந்திரத்தின் இருப்பிடம் அது. அவற்றை வளைத்துச் செலுத்தும் காந்தங்கள், திரவ ஹீலியத்தின் துணையால், பூச்சியத்திற்குக் கீழே 271 பாகை வரை குளிரூட்டப்படுகின்றன.

துணிக்கைகள் ஓடும் வேளையில் அச்சுரங்கத்துள் மனிதர் எவரும் புகுதல் கூடாது. ஓட்டம் நின்ற பின்னரும் சில பகுதிகளிற் கதிர்த்தொழிற்பாடு எஞ்சியிருக்கும். ஹீலியம் கசியுமாயின் அது காற்றை விலக்கித் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே நிற்பவன் மூச்சுக்கு ஒட்சிசன் இன்றித் தவிப்பான். இது வெறும் அச்சம் அன்று. 2008ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம் 19ஆம் நாள், மின் இணைப்பு ஒன்றின் பழுதினாற் பல தொன் ஹீலியம் சுரங்கத்துள் வெளியேறியது. யந்திரம் ஓராண்டுக்கு மேல் ஓயவேண்டி வந்தது.

ஆகவே, மனிதனுக்கு முன் அங்கே செல்ல ஒரு யந்திரம் வேண்டும். சுரங்கத்தின் கூரையிலே, முந்திய யந்திரத்தின் காலத்தில் அமைக்கப்பட்ட ஒற்றைத் தண்டவாளம் ஒன்று தொங்குகின்றது. அதைப் பற்றிக்கொண்டு 'டிம்' என்னும் சிறு பரிசோதனை வண்டி ஓடுகின்றது. அதன் வேகம் மணிக்கு 6 கிலோமீற்றர். சற்று விரைந்து நடப்பவனின் வேகம், அவ்வளவே. கமராவும், ஒட்சிசனையும் கதிர்வீச்சையும் அளக்கும் கருவிகளும் அதிற் பொருத்தப்பட்டுள்ளன. முகமில்லை, குரலில்லை. எனினும், ஒரு மனித உடல் ஏற்கவேண்டிய கதிர்வீச்சைத் தான் ஏற்கின்றது.

இந்நிறுவனம் 1962ஆம் ஆண்டு முதல் கோடை விடுமுறையில் மாணவரை வரவேற்று வருகின்றது. காலையில் விரிவுரை, எஞ்சிய வேளையில் ஆராய்ச்சிக் குழுவொன்றோடு வேலை. பொறியியல் மாணவர் நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை தங்கிப் பயிலும் திட்டமும் உண்டு. உறுப்பு நாடுகளின் மாணவரே பெரும்பான்மையினர். பிற நாட்டவர்க்கு இடங்கள் குறைவு, போட்டி கடுமை. தெரிவானவர்க்கு வாழ்க்கைச் செலவுக்குப் பணம் கொடுக்கின்றனர். இதைச் சிறிய விடயமென எண்ணுதல் தவறு. ஊதியமின்றிப் பயிற்சி என்றால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே அது பயிற்சி. மேலும், பயிலவந்தவனைத் தேநீர் கொண்டுவரவும் தாள்களை அடுக்கவும் வைத்துவிட்டு, இறுதியிற் சான்றிதழை நீட்டும் இடங்களும் உலகில் இல்லாமல் இல்லை. மாணவன் கையில் உண்மையான ஒரு வேலையைக் கொடுக்கின்றார்களா என்பதே கேட்கவேண்டிய முதற் கேள்வி.

அவ்வேலை பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். ஒரு திருகாணியைப் பற்றும் கொறடு. கமராவின் படத்திலிருந்து தூரத்தைக் கணிக்கும் நிரல். சக்கரம் வழுக்காதிருக்க ஓர் உபாயம். கல்லூரியிலே, யந்திரம் ஒருமுறை சரியாக இயங்கிவிட்டால் மாணவனுக்கு நிறைந்த புள்ளி கிடைக்கின்றது. இங்கோ, யந்திரம் இயங்குவதை விளக்கி முடித்த மாணவனிடம் மூத்த பொறியியலாளர் அமைதியாகக் கேட்பது வேறு: "இது உள்ளே நின்றுவிட்டால் எப்படி வெளியே எடுப்பாய்?"

இக்கேள்வியின் பாரத்தை உணர்வதற்கு யப்பானில் நிகழ்ந்த ஒன்றை நினைவுகூரலாம். 2011ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் புக்குஷிமா அணுமின் நிலையம் ஆழிப்பேரலையாற் சிதைந்தபின், பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் உருவாக்கிய 'குயின்ஸ்' என்னும் ரோபோ அங்கே அனுப்பப்பட்டது. படிகளில் ஏறியது, மனிதர் செல்லவியலாத தளங்களில் அளவைகள் எடுத்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில் 2ஆம் உலைக் கட்டடத்துள் அதன் கம்பிவடம் சிக்கிக்கொண்டது. யந்திரத்தை அங்கேயே விட்டுவிட நேர்ந்தது. மீட்கச் செல்லும் மனிதனே கதிர்வீச்சுக்கு இரையாவான் என்றால், எதற்காக யந்திரத்தை அனுப்பினார்களோ அந்த நோக்கமே கெட்டுவிடும் அன்றோ?

எனவேதான் சேர்னில் ஒரு வேலைக்கு ரோபோவை அனுப்பும் முன், அவ்விடத்தைப் போன்ற மாதிரி ஒன்றை அமைத்து ஒத்திகை பார்க்கின்றனர். மீட்கும் வழியையும் முன்னரே வகுக்கின்றனர். மாணவன் ஆர்வத்தோடு வரைந்துவந்த கொறடு அங்கே சோதனைக்கு உள்ளாகின்றது. வேண்டுமென்றே மின்சாரம் துண்டிக்கப்படுகின்றது. கொறடு திருகாணியைப் பற்றியபடியே உறைந்து நிற்கின்றது. வண்டி முன்னும் போகாது, பின்னும் வராது. மாணவன் முகம் வாடுகின்றது. திட்டுவார் எவருமில்லை. மின்சாரம் அற்றால் தானே விரியும் விசைவில் ஒன்றும், வேறொரு வண்டி கொளுவி இழுப்பதற்கு முதுகில் ஒரு வளையமும் மறுவாரம் அவன் வரைபடத்திற் சேர்கின்றன. பளபளப்பான பகுதிகள் சில அதிலிருந்து நீங்கியும் விடுகின்றன.

பயிற்சி முடியும்போது அவன் ஓர் அறிக்கை எழுதவேண்டும். வெற்றிபெற்ற சோதனையை விரித்தெழுதி, கொறடு உறைந்து நின்ற நாளை விட்டுவிடத்தான் இளமனம் விரும்பும். நல்ல வழிகாட்டி அதற்கு இடங்கொடுப்பதில்லை. மறுகோடையில் அதே மேசைக்கு வந்து அமரும் மாணவன் முதலிற் புரட்டிப் பார்க்கப்போவது அந்தப் பக்கத்தையே.