மூப்பறியா வீரர்கள்



மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள கொட்டாம்பட்டி என் ஊர். 1972ஆம் ஆண்டு சனவரித் திங்களில், சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் என்னும் சித்திரக்கதை வெளியீடு தொடங்கிற்று. அதன் முதல் இதழின் நாயகர் இரும்புக்கை மாயாவி. அன்று எனக்கு வயது பன்னிரண்டு. பெட்டிக்கடையில் தொங்கிய அப்புத்தகத்தை நண்பன் வாங்க, நான் இரவல் பெற்றுப் படித்தேன். இன்று நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியன். தலை நரைத்துவிட்டது, மூக்குக் கண்ணாடியின்றி எழுத்துத் தெரிவதில்லை. மாயாவியின் கதைகளோ மறுபதிப்புக்களாக வந்துகொண்டிருக்கின்றன. அவருக்கு ஒரு மயிரிழையும் நரைக்கவில்லை.

படிப்பவன் மூப்படைய, படிக்கப்படுபவன் மூப்படையாதிருப்பது எங்ஙனம்? இதனைச் சிந்திக்கத் தூண்டியவன் என் மாணவன் ஒருவனே. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பள்ளியில் வரலாறு கற்பித்துவந்தேன். வகுப்பு நடக்கையில், அவன் பாடநூலுக்குள் ஒரு சித்திரக்கதையை மறைத்துப் படித்துக்கொண்டிருந்தான். பிடுங்கிக்கொண்டேன், எல்லோர் முன்னிலையிலும் கடிந்தும் பேசினேன். மாலையில் அதைப் புரட்டிப் பார்த்தபோது, வேதாளர் என்றும் மாயாவி என்றும் தமிழில் பெயர் பெற்ற முகமூடி வீரரின் கதை அது எனக் கண்டேன். ஓரத்தில் பென்சிலால் ஒரு கணக்குப் போட்டிருந்தான். "400 ஆண்டு, 21 தலைமுறை, ஆளுக்கு 19 ஆண்டு." அதன் கீழே, "அப்பா படித்தபோதும் 21ஆவது ஆள்தானாம். இவர் எப்போது முடிவார்?" என்று எழுதியிருந்தான்.

அவன் கேட்டது நல்ல கேள்வி. அமெரிக்க எழுத்தாளர் லீ ஃபாக் 1936இல் இவ்வீரரைப் படைத்தார். 1536இல் முதல் வீரர் ஒரு மண்டையோட்டின் மீது சூளுரைத்தார். அவர்க்குப்பின் மகன், அவன்பின் அவன் மகன் எனப் பரம்பரை தொடர்கிறது. ஊரார் மட்டும் ஒரே ஆள் சாகாமல் வாழ்வதாக நம்புகின்றனர். மூப்புச் சிக்கலுக்கு இதனினும் அழகிய விடை உண்டோ? ஆயினும் கணக்கைப் பாருங்கள். முதல் நானூறு ஆண்டில் இருபது வீரர் வந்து போயினர். 1936இல் தோன்றிய இருபத்தொன்றாமவரோ, பல பத்தாண்டுகள் கடந்தும் முகமூடியைக் கழற்றவில்லை. 1977இல் மணம் புரிந்தார், மக்களும் பிறந்தனர், அவர் மட்டும் அப்படியே இருக்கிறார். வாரிசுமுறையை வகுத்த ஆசிரியரே அதனை நடைமுறைப்படுத்தத் தயங்கினார். ஏன்? வாசகர்க்குப் பழகிய முகத்தை மாற்ற எவர்க்கும் மனம் வருவதில்லை.

இச்சிக்கல் எல்லா வீரர்க்கும் உண்டு. சூப்பர்மேன் 1938இலும், பேட்மேன் 1939இலும் தோன்றினர். நம்மைப்போல் மூத்திருப்பின் இருவரும் நூறு வயதைக் கடந்திருப்பர். இத்தாலிய அறிஞர் உம்பர்டோ எகோ 1962இல் சூப்பர்மேனைப்பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு நுட்பத்தைச் சுட்டிக்காட்டினார். ஒருவன் ஒரு செயலைச் செய்தால், அவன் வாழ்நாளில் ஒரு பகுதி கழிகிறது. மணம் புரிந்தால் சாவை நோக்கி ஓரடி வைக்கிறான். எனவே வீரன் செயல் புரிந்துகொண்டே இருக்கவேண்டும். செயலின் விளைவோ அவனைத் தீண்டலாகாது. ஒவ்வொரு கதையும் முந்தையதை மறந்ததுபோல் தொடங்குவது இதனால்தான்.

ஆனால் வாசகர் மறப்பதில்லையே! ஆகவே வேறு வழிகளும் பிறந்தன. முதலாவது, காலத்தையே நகர்த்துதல். இரும்பு மனிதன் 1963இல் வந்தபோது, அவன் காயமுற்று அகப்பட்ட இடம் வியட்நாம். அப்போர் பழங்கதையாகிவிட, பின்வந்தோர் அந்நிகழ்ச்சியை ஆப்கானித்தானத்துக்கு மாற்றினர். 2019இல் ஒரு கற்பனை நாட்டுப் போருக்கே மாற்றிவிட்டனர். போர் மாறினால் வீரனின் பிறந்த ஆண்டும் மாறுகிறது. வயது மட்டும் மாறுவதில்லை.

இரண்டாவது, கடிகாரத்தை மெல்ல ஓட்டுதல். ஸ்பைடர்மேன் 1962இல் பதினைந்து வயதுப் பள்ளி மாணவன், 1965இல் பள்ளிப்படிப்பை முடித்தான், 1987இல்தான் மணமகனானான். அவ்வளவும் மிகை என்று கருதினர் போலும். 2007இல் ஒரு மாயத்தால் அத்திருமணமே நடவாததாக ஆக்கப்பட்டது. மூன்றாவது, பல உலகங்களைப் படைத்தல். ஒரே பெயருடைய பழைய வீரனும் புதிய வீரனும் வெவ்வேறு பூமிகளில் வாழ்வதாக 1961இல் ஒரு கதை வந்தது. பூமிகள் பெருகிக் குழப்பம் மிகவே, 1985இல் தொடங்கிய பெருங்கதை ஒன்று அவற்றை அழித்து ஒன்றாக்கிற்று.

நான்காவது வழி நேரியது. காலத்துக்கு அடங்கி நடத்தல். 1918இல் தொடங்கிய 'கேசொலின் ஆலி' என்னும் அமெரிக்க நாளிதழ்த் தொடரில், 1921இல் வீட்டு வாயிலில் ஒரு குழந்தை கிடந்தது. அக்குழந்தை வாசகரோடு வளர்ந்தது; இரண்டாம் உலகப்போருக்குச் சென்றது; முதுமையும் எய்தியது. இங்கிலாந்தில் 1977இல் பிறந்த ஜட்ஜ் டிரெட்டும், நமக்கு ஓராண்டு செல்லத் தானும் ஓராண்டு மூக்கின்றார். லயன் காமிக்ஸ் வாசகர் அறிந்த டெக்ஸ் வில்லரோ பாதி வழி வந்தவர். மணந்தார், மனைவியை இழந்தார், மகன் வளர்ந்து வாலிபனானான். அத்துடன் தந்தைக்கும் மகனுக்கும் கடிகாரம் நின்றுவிட்டது!

மாணவச் செல்வங்களே, இவை மேனாட்டார் விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் கொட்டாம்பட்டிக்கு அருகே பிரான்மலை இருக்கிறது; பாரி வள்ளலின் பறம்புமலை அதுவே என்பர். பாரி மறைந்தபின் அவன் மகளிரைப் பாதுகாத்து அழைத்துச் சென்றவர் கபிலர் என்பது புறநானூறு தரும் செய்தி. பிற்காலக் கதைகளோ, அம்மகளிர்க்கு மணம் முடித்துவைத்தவர் ஔவையார் என்னும். எந்த ஔவையார்? அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவர் சங்க காலத்தவர். ஆத்திசூடி பாடியவர், அவர்க்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர் என்று அறிஞர் கருதுவர். 1953இல் வெளிவந்த 'ஔவையார்' திரைப்படமோ, இவர்கள் எல்லோரையும் கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் ஒரே உருவில் சேர்த்துக் காட்டிற்று. வேதாளரைப்போலவே, ஒரு பெயரின்கீழ்ப் பலர் வாழ்ந்தனர். மக்களோ ஒருவராகவே கண்டனர்.

ஒரு வேறுபாடும் உண்டு. சித்திரக்கதை வீரர்கள் மூப்பை அஞ்சி ஓடுகின்றனர். நம் ஔவையோ, கன்னிப் பருவத்திலேயே பிள்ளையாரிடம் மூப்பை வேண்டிப் பெற்றார் என்கிறது மக்கள் வழங்கும் கதை. நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனியும், நரைத்த அம்மூதாட்டியின் கைக்கே வந்து சேர்ந்தது. இளமை மாறாமையே வாழ்வு என்று நம் மக்கள் எண்ணவில்லை. முதிர்ந்த சொல்லையே நெடுங்காலம் வாழவைக்க விரும்பினர்.

அப்படியாயின் கதை பொய்யா? இல்லை, கதை கதையாகவும், வரலாறு வரலாறாகவும் இருத்தல் வேண்டும். ஔவையைப்பற்றிய கதையைக் கேட்டு மகிழுங்கள்; எந்த ஔவை, எந்த நூற்றாண்டு, எதற்குச் சான்று உண்டு என்றும் கேளுங்கள். முரண்பாடு கண்ட இடத்தில் நூலை மூடிவிடாதீர்கள். ஓரத்தில் ஒரு கணக்குப் போடுங்கள். கல்வெட்டுக்களை ஒப்பிட்டு மன்னர்தம் ஆட்சியாண்டுகளை வகுப்போரும் இதனையே செய்கின்றனர். இருபத்தொரு தலைமுறைக்கு நானூறு ஆண்டு போதுமா என்று கேட்கும் பிள்ளை, நாளை ஓர் அரச பரம்பரையின் பட்டியலையும் அவ்வாறே சோதிப்பான்.

அதை அன்று நான் உணராமற் போனேன். மறுநாள் நூலைத் திருப்பிக் கொடுத்தேன். "இனி இப்படிச் செய்யாதே" என்று மட்டும் சொன்னேன். அவன் கணக்கைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆசிரியனின் கௌரவம் தடுத்தது. அவன் அதன்பின் வகுப்பில் வினா எழுப்பியதாக எனக்கு நினைவில்லை. முப்பதாண்டுகட்கு மேலாக என் மனத்தில் தங்கிய குறை இது.

சித்திரக்கதை ஆசிரியர்கள் தவறு நேர்ந்தால் உலகையே அழித்துப் புதிதாகத் தொடங்கிவிடலாம். நடந்த திருமணத்தையும் நடவாததாக்கலாம். நமக்கு அவ்வசதி இல்லை. சென்ற ஆண்டு சென்றதுதான்; சொல்லாமல் விட்ட சொல் விட்டதுதான். நான் செய்யக்கூடியது, காலந்தாழ்ந்தேனும் சொல்லிவிடுவது ஒன்றே. அம்மாணவன் இன்று நடுவயதினனாய் எங்கேனும் இதனைக் கேட்டுக்கொண்டிருப்பானாயின், அவனுக்கு என் விடை இது: தம்பி, நீ போட்ட கணக்குச் சரி. பிழை கதையில் இருந்தது; அன்று என்னிடத்திலும் இருந்தது.